தம்பிக்கு அனுப்பிய பத்திரிகை

1. ராஜபாளையத்தில் நான் கவனிக்கும் ஒரே மெயில் சர்வரில் பல கம்பெனிகளின் டொமைன்கள், அதாவது மெயில் முகவரிகள், இருந்தன. அவற்றில் ஒன்று பேண்டேஜ் துணி ஆலை வைத்திருக்கும் ஒருவருடையது. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகத் தொழில் செய்யும் அவர் தம்பியுடையது.
2. இருவருக்கும் சண்டை வந்ததும், தம்பி எங்களிடம் சொல்லாமலே வேறு சர்வருக்கு மாறிவிட்டார்.
3. அண்ணன் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைத் தம்பிக்கு மெயிலில் அனுப்பினார். தம்பி இங்கேயே இருப்பதாக நினைத்த எங்கள் சர்வர், அதை அவர் இப்போது பார்க்காத பழைய மெயில் பெட்டியில் போட்டுவிட்டது.

அண்ணன் ஒல்லியானவர். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருப்பார். எந்த மெயில் அனுப்பினாலும் உடனே எனக்குப் போன் செய்து, "போயிருச்சா பாப்பா?" என்பார். அன்றும் கேட்டார். சர்வர் காட்டியபடி, "போயிருச்சு சார்" என்றேன்.

கல்யாணம் முடிந்த பிறகு, பழைய பெட்டிகளைச் சுத்தம் செய்தபோதுதான் திறக்கப்படாத அந்தப் பத்திரிகையைப் பார்த்தேன். ஆலைக்கே போய் அவரிடம் சொன்னேன்.

"போன் பண்ணா எடுக்க மாட்டான்னுதான மெயில் போட்டேன். அப்ப அவன் பாக்கவே இல்லையா?"

"இல்ல சார். இப்ப அனுப்பிரட்டுமா?"

"வேண்டாம் பாப்பா. அவன் வரலைன்னு மண்டபத்துல எல்லார் முன்னாலயும் அம்புட்டு பேசிட்டேன். அது மட்டும் அவனுக்குச் சரியாப் போய்ச் சேந்திருக்கும்."

தம்பியின் டொமைனை எங்கள் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். அண்ணன் எழுதினால் இனி நேராகத் தம்பிக்குப் போகும். இதுவரை அவர் எழுதவில்லை.