கொழும்புக் காகம்

நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்பு வந்தவன், கடற்கரையில் வடை தின்றுகொண்டிருந்தேன். சாம்பல் கழுத்துள்ள சின்னக் காகம் ஒன்று அதைப் பறித்துக்கொண்டு போனது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, நினைவுக்கு வந்தார்.

கலவரத்தில் கொழும்புக் கடையை இழந்து மலைநாட்டுக் கட்டுகஸ்தோட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். அமாவாசையன்று, செத்துப்போன தாத்தாவுக்குச் சோறு வைத்தார். வந்ததோ பெரிய கறுத்த மலைக்காகம்.

“இது அப்பா இல்ல. அவரு கொழும்புக்காரரு, சின்னதா, சாம்பல் கழுத்தோட வருவாரு,” என்று விரட்டினார். காகம் தின்னாமல் நாங்கள் சாப்பிட முடியாது. பசியில் உயிர்போனது.

அம்மா திருநீற்றுத் தட்டை நீட்டினாள். “இந்தாங்கண்ணே, காக்காவப் புடிச்சு கழுத்துல பூசிவிடுங்க.”

வந்த நாளிலிருந்து சிரிக்காத மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் காகம் சோற்றைத் தின்றுவிட்டது.

“சரி, அப்பாவும் மலைக்கே வந்துட்டாரு போல. இலையப் போடும்மா,” என்றார்.

வடைத் திருடனைத் திட்ட வாயெடுத்தேன். தாத்தாவாயிற்றே என்று விட்டுவிட்டேன்.