புழுங்கல் வெள்ளை

வெள்ளையில் என்ன வித்தியாசம், எல்லாம் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தஞ்சாவூரில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து பதினாறு வருஷமாக முத்து நகைகளை வடிவமைத்துக் கோத்துக் கொடுக்கிறேன். வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மேஜை, அதன்மேல் சாம்பல் நிறத் துணி விரித்த தட்டு, தட்டில் முத்துச் சரங்கள். அந்த வெள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் நீளநீளமாகப் பெயர்கள் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு அவை மண்டையில் ஏறுவதில்லை. அதனால் நானே பெயர் வைத்தேன். பளீரென்று சுண்ணாம்பு மாதிரி இருப்பது பச்சரிசி. லேசாக மஞ்சள் ஓடி, உள்ளுக்குள் கொஞ்சம் சிவப்பும் தெரிவது புழுங்கல். நெல் விளைகிற ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதைப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் தை மாதம் திருவிடைமருதூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். நிலம் வைத்திருக்கிற குடும்பம். மகள் கால்நடை மருத்துவர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள், பகல் முழுக்க வெயிலில் நிற்கிறவள். வைகாசியில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நீ சொல்கிற தங்கத்தை எல்லாம் போட்டுக்கொள்கிறேன், வரவேற்புக்கு மட்டும் எனக்குப் பிடித்த முத்து என்று அம்மாவிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தாள்.

முத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழுத்தெலும்புக்குக் கீழே வைத்துப் பார்க்க வேண்டும். பச்சரிசியை வைத்தேன். அது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. முத்து மட்டும் தெரிந்தது, அவள் தெரியவில்லை. புழுங்கலை வைத்தேன். அவளுடைய கறுப்பில் ஒரு வெதுவெதுப்பு ஏறியது. கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.

“இதுதான் ஆன்ட்டி. வேற எதையும் காட்டாதீங்க.”

“கல்யாணத்துக்குப் போயிப் புழுங்கலா?” என்றார் அம்மா. “அட்சதைக்கே பச்சரிசிதானே போடுறோம்.”

“பேரை விடுங்கக்கா, முத்தைப் பாருங்க” என்றேன். அவர் பார்க்கவில்லை. பெயர் வைத்த என் வாயைத் தைக்க வேண்டும் போலிருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை கூடவே கும்பகோணத்திலிருந்து ஒரு பியூட்டி பார்லர்க்காரி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்த வேகத்தில் பையைத் திறந்தாள். ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, கல்யாணப் பெண்ணின் கழுத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பூசி, பஞ்சால் ஒற்றினாள். அந்த இடம் மட்டும் வேறு யாருடைய கழுத்தோ போல வெளுத்துப்போனது.

“அன்னைக்கு மேக்கப்புல இந்தக் கலர்லதான் இருப்பாங்க மேடம். இதுக்கு மேட்ச் பண்ணுங்க.”

எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. “நான் பொண்ணுக்குத்தான் முத்து பாப்பேன். பாட்டிலுக்குப் பாக்க மாட்டேன்” என்றேன்.

பார்லர்க்காரிக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் பதில் சொன்னது அம்மாதான். “உங்களுக்கென்னங்க, கோத்துக் குடுத்துட்டுப் போயிடுவீங்க. இவளைப் பாக்க வந்து, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுட்டு, ‘கலரு கொஞ்சம் கம்மி’ன்னு சொல்லி அனுப்பினவங்க எத்தனை பேருன்னு எனக்குத்தான் தெரியும். மேடையில ஒரு நாளாவது என் காதுபட யாரும் அதைச் சொல்லக் கூடாது.”

அந்த அம்மாவும் கறுப்புதான். அதை அப்போதுதான் கவனித்தேன். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் அந்த வெளிர் சந்தன நிறத் திட்டு. ஏதாவது சொல்லேன் என்று அவள் மேலும் கோபம் வந்தது.

கடைசியில் பச்சரிசியைத்தான் கோத்தேன். மூன்று சரம், முத்துக்கு முத்து முடிச்சு, நல்ல பட்டு நூல். முடிச்சுக்கு முடிச்சு திட்டிக்கொண்டே கோத்தேன். முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. எனக்கு இதில் வாய் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் என் கல்யாண போட்டோவில் முகம் ரோஸ் பவுடரில் வெளுத்திருக்கும், மாலையைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும் என் கைகளாக இருக்கும். என் மகள் மூன்று வயதில் அதைக் காட்டி, “அப்பா பக்கத்துல யாரும்மா?” என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு வரைக்கும் அந்தப் போட்டோவைக் கழற்றவில்லை.

ஆனி பிறந்து ஒரு வாரம் இருக்கும். அம்மாவும் மகளும் நகைப் பெட்டியோடு படியேறி வந்தார்கள். மகள் புதுத் தாலி மின்ன, முகத்தில் ஒரு பூச்சும் இல்லாமல் இருந்தாள். அம்மா உட்காரக்கூட இல்லை.

“என்னங்க முத்து இது? ஒரு நாள்தான் போட்டா. அதுக்குள்ள பழுப்பேறிப் போச்சு. போலியைக் குடுத்து ஏமாத்திட்டீங்களா?”

போலி! பதினாறு வருஷத்தில் யாரும் என்னைச் சொல்லாத வார்த்தை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். முன்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. கழுத்தில் படிந்த பின்பக்கம் மட்டும் சந்தனம் அப்பினாற்போல் இருந்தது. வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு சரத்தை முழுக்க அழுத்தித் துடைத்தேன். துணியை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

“முத்து சாயம் போகலக்கா. இது உங்க பார்லர் பாட்டிலு.”

அந்தத் துணியில் இருந்தது அச்சு அசலாக அன்றைக்கு மகளின் கழுத்தில் பூசிய நிறம். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. “முத்தைத் தொடச்சுடலாம். நூல்ல ஏறினது போகாது, பாருங்க.” முடிச்சுகள் ஒவ்வொன்றும் அதே நிறத்தில் ஊறிப்போயிருந்தன.

அப்போதுதான் மகள் வாயைத் திறந்தாள். “அம்மா, அன்னைக்கு மேடையில இவரு பக்கத்துல வந்து நின்னதும் என்ன கேட்டாருன்னு உனக்குத் தெரியுமா? ‘என்ன, உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?’ன்னாரு. வந்தவங்க எல்லாரும் போற வரைக்கும் நாலு தடவை கேட்டாரு.”

ஜெயித்துவிட்டதாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நூலைக் கட்டிய கை என்னுடையது.

மகள் தட்டைத் தன் பக்கம் இழுத்துப் புழுங்கலை எடுத்தாள். “ஆன்ட்டி, அதைப் பிரிச்சிடுங்க. அந்தக் கொக்கியிலேயே இதைக் கோத்துக் குடுங்க.”

“கல்யாணத்துல போட்டதைப் பிரிக்கிறதாடி?” அம்மாவின் குரல் உடைந்தது. “நல்லதா அது?”

“அதைப் போட்டுக்கிட்டு நின்னது நான் இல்லையேம்மா.”

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.