காற்றைப் பற்றி வெல்மா சொன்னது

தொப்புளைச் சுற்றி மூன்று சிவந்த கட்டிகள். மே மாதம் பார்த்தபோது வெல்மா நிக்கர்சன் அலட்டிக்கொள்ளவில்லை. படகில் போடும் ரப்பர் கால்சட்டை உராய்ந்தால் அந்தக் கரையில் எல்லோருக்கும் வருவதுதான். களிம்பு தடவினாள். சீசன் முடிந்து கால்சட்டை ஆணிக்குப் போனது. அக்டோபரில் கட்டிகள் ஏழாகியிருந்தன.

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அறுத்தெடுத்த சினைப்பைப் புற்றுநோய், தோலுக்கு வந்திருந்தது.

"நவம்பர் கடைசித் திங்கள் மருந்து ஏத்தணும்," என்றாள் டாக்டர்.

"அன்னிக்குக் கூண்டு இறக்குற நாள், டாக்டரம்மா."

"அதை விட்டா பத்து நாள் ஆகும். நான் சம்மதிக்கமாட்டேன்."

கனடாவில், நோவா ஸ்கோஷியாவின் அந்த முனையில், மே வரை ஓடும் சீசனின் முதல் நாள் எல்லாப் படகுகளும் ஒரே விடியலில் சிங்கி இறால் கூண்டுகளோடு கிளம்பும். முப்பத்தோரு வருடத்தில் வெல்மா ஒரு முறையும் தவறியதில்லை. காற்று பலமென்றால் மட்டும் நாள் தள்ளிப்போகும். அதைத் துறைக்கு ஒருவர் தொலைபேசியில் கூடித் தீர்மானிப்பார்கள். அவள் துறைக்கு அவள்தான்.

சனிக்கிழமை, கூட்டத்துக்குச் சற்று முன், தம்பி கிளேட்டன் காபியோடு வந்து உட்கார்ந்தான்.

"போலாம்னு பாதிப் பேர், வேணாம்னு பாதிப் பேர் நிக்கிறாங்க அக்கா. உன் பேச்சைத்தான் கேப்பாங்க. காத்து ஜாஸ்தின்னு சொல்லிடு. செவ்வாய்க்கிழமை போலாம், நீயும் வரலாம்."

"திங்கக்கிழமை காத்து ஜாஸ்தியா?"

"இல்ல. ஒரு பொய் சொன்னா கடல் வத்திடுமா?"

"செவ்வாய் மத்தியானத்துக்கு மேல காத்து ஏறுது. கூண்டை மலையா அடுக்கின படகு தாங்குமா? எனக்காக எவனாவது கவுந்தான்னா?"

தொலைபேசி மணி அடித்தது. தன் முறை வந்ததும் அவள் குரலை ஏற்றினாள். "திங்கக்கிழமை காத்து நல்லாயிருக்கு. போகலாம்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே கழுவினாள்.

திங்கள் காலை. ஆஸ்பத்திரியில், கையில் ஊசி ஏறியிருந்தபோது கிளேட்டனிடமிருந்து போன் வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம்.

"அக்கா, முதல் கூண்டு இறங்கிடுச்சு. உன் இடத்துலதான். என் கால்சட்டை கிழிஞ்சுபோச்சு, உன்னோடதை மாட்டியிருக்கேன்."

"உன் தொப்பைக்கு அது பத்துமா?"

"மூச்சு விடாம நிக்கிறேன்."

"கிழிச்சுத் தொலைக்காதடா," என்றாள் வெல்மா. "ஜனவரில எனக்கு வேணும்."