துக்க வீட்டில் செய்த விவாதம்

பாலக்கரையில் எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பெடுத்தவர்களே, இந்தப் பத்திரிகை வழியாக உங்களுக்கு எழுதுகிறேன். புராட்டஸ்டன்ட்காரர்களுக்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தீர்கள். எங்கே வாயை மூட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கவில்லை.

காட்டூரில் என் பக்கத்து வீட்டு அம்மா புராட்டஸ்டன்ட். அவருடைய ஒரே மகன் பைக் விபத்தில் இறந்துபோனான். துக்கம் கேட்கப் போனபோது, அவனுடைய ஆன்மாவுக்காக எங்கள் கோவிலில் பூசை வைக்கிறேன் என்றேன்.

“எதுக்கு தம்பி? அவன்தான் ஆண்டவர்கிட்ட போயிட்டானே.”

அதோடு விட்டிருக்கலாம். மோட்சம் போவதற்கு முன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆன்மாக்கள் நெருப்பில் சுத்தமாவதை பைபிள் வசனத்தோடு விளக்கினேன்.

“அப்ப எம்புள்ள இப்ப நெருப்புலயா இருக்கான்?”

நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் சரியாகத் தூங்குவதில்லை என்று அவருடைய மகள் சொன்னாள்.

இப்போதும் அவனுக்காகப் பூசை வைக்கிறேன். யாரிடமும் சொல்வதில்லை. துக்க வீட்டில் விசுவாசத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அவர் கேட்டதற்கு என்ன பதில்? எனக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். அந்தத் தாயும் படிக்கும்படி இந்தப் பத்திரிகையிலேயே எழுதுங்கள்.