"ஏங்க" என்றால் எந்த டிஸ்க் வரும்?

பழைய படங்களைப் பார்க்கும் ஆசையில், இன்று என் டிடிபி கடை கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினேன். ஆன் செய்தால், புது டிஸ்க்குக்குப் பதில் பழைய டிஸ்க்கில் இருந்த லினக்ஸ் சிஸ்டமே எழுந்து வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஹீம் பாய்க்கு வியர்த்துவிட்டது. அவர் மகளின் நிக்காஹ் பத்திரிகை புது டிஸ்க்கில் இருக்கிறது. சாயங்காலம் அச்சுக்குப் போகவேண்டும்.

"இன்னா நைனா, மாப்ள பேரக் காணோம்?"

"பேஜாராவாத பாய், மாப்ள எங்கயும் ஓடல."

மெக்கானிக் ஏகாம்பரம் வந்து பார்த்தார். "எந்த டிஸ்க்கு எழுந்து வரணும்னு கேக்குற எடத்துல நீ முதல் டிஸ்க்குன்னு எழுதி வச்சிக்கீற. பழசு முன்னாடி வந்து நின்னுக்கிச்சி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல உன் பொஞ்சாதி 'ஏங்க'ன்னா, முன்னாடி நிக்கிறவன்தான திரும்புவான்? பேரச் சொல்லிக் கூப்புடணும்."

முதல் டிஸ்க் என்றிருந்த இடத்தில், புது டிஸ்க்குக்கு மட்டுமே உரிய யூயூஐடி என்ற நீள நம்பரை எழுதினார். மாப்பிள்ளை வந்துவிட்டார்.

பிறகு பழைய டிஸ்க்கையும் திறந்தேன். பாய் எப்போதோ ஸ்கேன் செய்யக் கொடுத்த படம் ஒன்று இருந்தது. கல்யாணப்பெண் முன்பல் விழுந்த வாயோடு அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கொஞ்சம் பெருசு பண்ணு நைனா" என்றவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

அச்சகம் மூடப்போகிறது. இவரை யாராவது வந்து எழுப்புகிறீர்களா?