ஈர மண்ணில் விட்ட சொட்டு

மண் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குச் சொட்டு அக்கா என்று பெயர். காய வைத்த மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை நொடியில் உள்ளே இறங்குகிறது என்று பார்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவள் வேலை.

தீப்பிடித்து எரிந்த தன் நிலத்தில் விதைக்கலாமா என்று கேட்டு, தம்பி ஒரு டப்பாவில் மண்ணோடு வந்தான். முந்தின நாள் தூறலில் மண் நனைந்திருந்தது. இரண்டு நாள் உலர்த்திய பிறகுதான் பார்க்க வேண்டும்.

"ரெண்டு நாளா? உனக்கு அது சொட்டு, எனக்குப் பொழப்புக்கா. இப்பவே பாரு."

ஊரார் மண்ணுக்கு ஒருநாளும் செய்யாததைத் தம்பிக்காகச் செய்தாள். சொட்டு மூன்றே நொடியில் இறங்கியது.

"போய் விதைடா," என்றாள்.

எரிந்த மண் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அடித்த வெயிலில் நிலம் காய்ந்தது. பிறகு பெய்த மழை உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடி, விதையையும் வாரிக்கொண்டு போனது.

அவள் பதறிப்போய் வந்து நின்றபோது, தம்பியும் அவன் மனைவியும் வரப்போரச் சேற்றில் விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ என்னக்கா பண்ணுவ? மண்ணு ஏமாத்திருச்சு," என்றான் தம்பி.

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"மண்ணு ஏமாத்தலடா. நான்தான் காய வைக்காம பாத்துட்டேன்."

நான்தானே அவசரப்படுத்தினேன் என்று சொல்வான் என நினைத்தாள். அவனோ மனைவி பக்கம் திரும்பி, "வேற யார்கிட்டயாவது குடுத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.