உப்பு மாங்காயும் புது மாத்திரையும்

எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் வீட்டார் சொல்லவில்லை. இப்போது கணவருக்குத் தெரியும். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இன்னும் தெரியாது.

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம் என்றதும் டாக்டரம்மா பழைய மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். “கர்ப்பமானாலும் இதையே சாப்பிடலாம். நீங்களா நிறுத்திராதீங்க.”

இன்று திருநெல்வேலியில் மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டைப் பார்த்துவிட்டு, கடை முழுவதும் கேட்கும்படி சொன்னார்: “இது மாசமா இருக்கவங்களுக்குக் குடுக்குத மாத்திரல்லா?”

பக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா.

“ஏட்டி, ஒரு வார்த்த சொல்லலியே.”

மாசமாக இல்லை என்று சொன்னால், பிறகு எதற்கு மாத்திரை என்று கேட்பார். சிரித்துவைத்தேன். அவர் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தார்.

நான் பஸ்ஸில் ஆழ்வார்திருநகரி வந்து சேர்ந்தபோது, அத்தை உப்பு மாங்காயோடு வாசலில் நின்றார்கள்.

“வாய் புளிப்பு கேக்கும்லா. பைய சாப்பிடு தாயி.”

டாக்டரம்மா முதலில் தடுத்தது உப்பைத்தான். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார்கள். இரண்டு துண்டு தின்றேன்.

இப்போது பேரனுக்குப் பெயர் பார்க்கிறார்கள். நான் உடனே ஒரு பிள்ளையை வரவழைக்க வேண்டும், அதுவும் கொதிப்பு ஏறாமல்.

உண்மையைச் சொல்ல நல்ல நாள் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ராகுகாலமானாலும் பரவாயில்லை.